நீல வளையத்துக்குக் கிளிஞ்சல் கிடையாது

ஜூன் 2, திங்கள்

நான் கோழிகளுக்கு ஊசி போட்டு முட்டையிட வைக்கிறேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். இதை முதலில் திருத்த வேண்டும். ஊசியைப் பிடித்தது நான் அல்ல, ஷர்மிதா என்ற ஆராய்ச்சி மாணவி. அவளும் ஊசி போடவில்லை. ஒவ்வொரு கோழியின் இறக்கைக்கு அடியிலிருந்தும் ஒரு மில்லி ரத்தம் எடுத்தாள். போடுவதற்கும் எடுப்பதற்கும் வேறுபாடு தெரியாதவர்கள் மளிகைக் கடையில் நின்று பேசக் கூடாது.

செய்தியைக் கொண்டுவந்தவள் பாவாயி. பதினெட்டு ஆண்டுகளாக என் வீட்டில் வேலை செய்கிறாள். தெருவுக்கும் எனக்கும் இடையே தொடர்பு அவள்தான்.

"நம்ம ஊட்டு முட்டையத் தின்னா பொம்பளப் புள்ளைங்க வெரசா வயசுக்கு வந்துருமாமா."

"நம் வீட்டில் இன்னும் ஒரு முட்டைகூட இடப்படவில்லை."

"அதச் சொன்னா ஆரு கேக்கறா."

நடந்ததை எழுதி வைக்கிறேன். ராசிபுரத்தில் இருபது வீடுகளுக்குத் தலா இரண்டு கோழிகள் கொடுத்து நாற்பத்திரண்டு நாள் கவனிப்பது ஷர்மிதாவின் ஆய்வு. சிவப்பு வளையம் போட்ட கோழிக்குக் கிளிஞ்சல் தூள் கலந்த தீனி. நீல வளையக் கோழிக்குக் கிளிஞ்சல் கிடையாது. கால்சியம் குறைந்தால் முட்டை உருவாகும் உறுப்பின் செல்கள் என்ன செய்கின்றன என்பது கேள்வி. அந்த உறுப்பின் பெயரை அவள் வாசற்படியில் நின்று உரக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் குழந்தைவேல் மதில்மேல் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவளை உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். மேடம் போதும் என்றேன்.

நான்கு பக்க ஒப்புதல் படிவம். பார்த்துக் கையெழுத்திட்டேன். என் கணவர் திரு. சவரிமுத்து முப்பத்தொரு ஆண்டுகள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர். கையெழுத்திட்ட பின் பின்வாங்குதல் இந்த வீட்டில் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

சிவப்பு: இல்லை. நீலம்: இல்லை. வேறு தீனி: இல்லை.

தினப் படிவத்தில் கடைசிக் கேள்வி அதுதான். சோறு, கீரைத்தண்டு, மிச்சம் மீதி எதுவும் போடக் கூடாது. போட்டால் எழுத வேண்டும். பாவாயியிடம் மூன்று முறை சொன்னேன்.

ஜூன் 6, வெள்ளி

சிவப்பு 7.10 மணிக்கு, நீலம் 7.40க்கு. இரண்டும் நல்ல ஓடு. ஆய்வுப் பொருளுக்குப் பெயர் வைப்பது முறையல்ல என்று சொல்லியும் பாவாயி நீல வளையத்தை 'நீலா' என்று கூப்பிடுகிறாள். சிவப்பு 'செவத்தா' ஆகிவிட்டது.

ஜூன் 9, திங்கள்

கோழிகளிடம் நேரக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட முக்கால் மணி, ஒரு மணி தாமதம். ஷர்மிதா வந்தபோது புகார் செய்தேன்.

"ஒரு முட்டை ஆக இருபத்தஞ்சு மணி நேரம் ஆகும் மேம். நாளுக்கு இருபத்துநாலு தானே இருக்கு? அதுங்க மேல தப்பில்ல."

பிறகு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினாள். நான் ஏன் இதையெல்லாம் எழுபத்தாறு வயதில் முதன்முறையாகக் கேட்கிறேன் என்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன். எங்கள் கான்வென்டில் விலங்கியல் புத்தகம் கொடுக்கும் முன் சிஸ்டர் பெனடிக்டா ஒரு பாடத்தின் பக்கங்களை மைதாப் பசை தடவி ஒட்டிவிடுவார். வகுப்பில் அந்த இடம் வந்ததும் ஒட்டிய பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துத் திருப்ப வேண்டும். இன்றுவரை என் விரல் தானாகத் திருப்பும்.

கோழியின் சினைப்பையில் (எழுதிவிட்டேன்) மஞ்சள் கருக்கள் உயர வரிசையில் நிற்கின்றனவாம், காலைப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல. பெரியது முதலில். தலைக்குள் இருக்கும் ஒரு சுரப்பி ரத்தத்தில் ஹார்மோனை அனுப்புகிறது. அது ஆணை. ஆணை வந்ததும் வரிசையின் முதல் கருவைச் சுற்றியுள்ள செல்களுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். நுழைந்தால்தான் வேலை நடக்கும்.

"ஆணை தபாலில் வருகிறது. கால்சியம் முத்திரை. முத்திரை விழாமல் எந்த ஆணையும் செல்லாது" என்றேன்.

"எங்க சார் மூணு வருஷமா சொன்னதை நீங்க மூணு வரியில முடிச்சுட்டீங்க மேம்."

பதிவு அலுவலகத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொன்னாள். தீனியில் கால்சியம் கிடைக்காத கோழி தன் எலும்பைக் கரைத்து முட்டைக்கு ஓடு செய்யுமாம். அதுவும் தாங்காத கட்டத்தில் தலையிலிருந்து ஆணை வருவதே நின்றுவிடுமாம்.

"அதுவரை?" என்றேன்.

"அதுவரை போட்டுட்டே இருக்கும்."

ஜூன் 13, வெள்ளி

சிவப்பு: நல்ல ஓடு. நீலம்: மெல்லிய ஓடு. வேறு தீனி: இல்லை.

ஜூன் 16, திங்கள்

குழந்தைவேலுக்கு ஊருக்கு வெளியே நாற்பதாயிரம் கோழிப் பண்ணை. தினமும் காலை மதில் மேலிருந்து என் கூட்டைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போகிறார்.

"ஏனுங்க டீச்சரம்மா, ரெண்டு கோழிக்கு இம்மாம் பெரிய நோட்டுப் போட்டு எழுதறீங்களே, எம்பட கோழிக்கு நான் எதுல எழுதறதுங்க?"

நான் டீச்சர் அல்ல என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். இன்றும் சொன்னேன்.

"செரிங்க டீச்சரம்மா. அந்த நீல வளையம் நடக்கறது பாத்தீங்களா? காலு மடங்குது. ஒரு கை கிளிஞ்சல் போடுங்க. நாலே நாளுல முட்ட கல்லாட்டம் வரும்."

"விதியில் இடமில்லை."

"விதி கோழிக்குத் தெரியுமுங்களா?"

உள்ளே வந்துவிட்டேன். படித்தவர்களுக்கு விதி தெரிந்தால் போதும்.

ஜூன் 18, புதன்

ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டேன். எலும்புக்கான மாத்திரை ஒரு மாதத்துக்கு வாங்கியாயிற்று, அறுபது. சுண்ணக்கட்டி அளவு ஒவ்வொன்றும். நீலம்: இல்லை.

ஜூன் 19, வியாழன்

காலை 11.20. நீலத்தின் முட்டைக்கு ஓடே இல்லை. தோல் மட்டும். கையில் எடுத்தபோது கோணிக்கொண்டது. கோழி மூலையில் படுத்திருந்தது. பக்கத்துக் கூட்டில் சிவப்பு தன் தீனியிலிருந்து கிளிஞ்சல் துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றது. நீலம் தலையைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

விடுதியில் நாங்கள் அறுபத்திரண்டு பேர். ஒருத்தியின் வீட்டிலிருந்து பிஸ்கட் டின் வந்தால் சிஸ்டர் பெனடிக்டா அறுபத்திரண்டு பங்கு வைப்பார். பங்கு தேறாது என்றால் யாருக்கும் இல்லை. ஒருத்தி தின்ன மற்றவள் பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் கட்டடத்துக்குள் நடந்ததே இல்லை.

அம்மியில் சிறிது வேலை இருந்தது. முடித்தேன்.

வேறு தீனி: இல்லை.

ஜூன் 20, வெள்ளி

நீலம்: இல்லை. வேறு தீனி: இல்லை. பாவாயி அம்மியைக் கழுவும்போது "என்னம்மா இது, வெள்ளையா அப்பியிருக்குது?" என்று கேட்டாள். வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

நீலம்: 8.15 மணி. நல்ல ஓடு! ஐம்பத்திரண்டு கிராம். மேசையில் தட்டிப் பார்த்தேன், ஒலி எழுந்தது. படிவத்தில் 'குறிப்பு' என்ற இடத்தில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன்.

நீலா கூட்டை இரண்டு முறை சுற்றி வந்தாள்.

ஜூன் 28, சனி

இடது கையால் எழுதுகிறேன். சி: 1. நீ: 1. வே. தீ: இல்லை.

ஜூன் 30, திங்கள்

நான் விழுந்துவிட்டேன் என்று பாவாயி தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். விழவில்லை. கோழிக்கூட்டின் முன் உட்கார்ந்தேன். வழக்கத்தைவிடச் சற்று விரைவாக. வலது மணிக்கட்டு அதில் முறிந்தது.

மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பு கரையான் அரிச்ச மாதிரி இருக்கேம்மா. கால்சியம் மாத்திரை ஒழுங்கா எடுக்கறீங்களா?" என்றார்.

"ஒரு நாள் தவறாமல் செலவாகிறது" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பாவாயி பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்தாள்.

ஜூலை 3, வியாழன்

நான் பிறப்பில் இடக்கைக்காரி. விடுதியில் மர அளவுகோலால் அடித்து வலதுக்கு மாற்றினார்கள். எழுபது ஆண்டுகள் சும்மா இருந்த கை ஐந்தே நாளில் எழுதுகிறது. வலது கை எழுத்தைவிட அழகாகவும் இருக்கிறது. இதை யாரிடம் புகாராகச் சொல்வது என்று தெரியவில்லை.

அறுபது மாத்திரையும் தீர்ந்துவிட்டது. பதினைந்தே நாளில். மருந்துக் கடைக்காரர் எண்ணிக் கொடுத்திருக்க மாட்டார்.

மாலையில் குழந்தைவேலிடம் பூந்தொட்டிகளுக்கு என்று சொல்லி ஒரு பை கிளிஞ்சல் வாங்கினேன்.

"பூவுங்களா?" என்றார். "போடுங்க, போடுங்க. பூ கெட்டியா வரும்."

ஜூலை 7, திங்கள்

ஷர்மிதா வந்தாள். நான் கொடுத்த படிவங்களைப் புரட்டப் புரட்ட அவள் முகம் மாறியது. எழுந்து நின்றுவிட்டாள்.

"மேம், மத்த பத்தொன்பது வீட்டுலயும் நீலக் கோழி முட்டை போடறதையே நிறுத்திடுச்சு. உங்க வீட்டுல மட்டும் நின்னு திரும்ப ஆரம்பிச்சிருக்கு! கால்சியமே இல்லாம! செல்லுக்குள்ள வேற ஏதோ வழி இருக்கணும். இதுவரைக்கும் யாரும் பாக்காத வழி. எங்க சார்கிட்ட சொன்னா துள்ளிக் குதிப்பாரு."

பாவாயி காப்பித் தம்ளர்களை எடுக்க வந்தவள், எடுக்காமல் நின்றாள்.

"படிவம் பூரா உங்க எழுத்துல இவ்வளவு சுத்தமா இருக்கு. மத்தவங்க எழுதினதுன்னா சந்தேகப்படுவேன். உங்களது மேல சந்தேகமே இல்ல."

நான் காப்பி குடித்தேன். ஆறியிருந்தது.

"பதினாலாம் தேதி வண்டி வரும் மேம். உங்க நீலாவைத்தான் முதல்ல பாக்கப்போறோம்."

"பார்த்துவிட்டு எப்போது திருப்பிக் கொண்டுவருவீர்கள்?"

அவள் பையின் வாரைச் சரிசெய்தாள். "மேம்... சினைப்பையை எடுத்துத்தானே செல்லைப் பாக்க முடியும். படிவத்துல மூணாம் பக்கத்துல இருக்கே. ரெண்டு கோழிக்குமே."

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். 'ஆய்வின் முடிவில் கோழிகள் வலியின்றிக் கொல்லப்பட்டுச் சினைப்பைத் திசு எடுக்கப்படும்.' தெளிவாகவே இருக்கிறது. பக்கத்தின் மேல்பாதியில் அந்த உறுப்பின் படம், பெரியதாக, வண்ணத்தில்.

ஜூன் மாதம் படத்தின் விளிம்பைக் கண்டதும் இரண்டையும் மூன்றையும் சேர்த்துத் திருப்பியிருக்கிறேன். கையெழுத்து நான்காம் பக்கத்தில் இருந்தது.

ஊரில் எத்தனை பேருக்கு 'படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்' என்று சொல்லியிருப்பேன். சவரிமுத்து இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார். அது போதும்.

சி: 1. நீ: 1.

ஜூலை 10, வியாழன்

பாவாயி குழந்தைவேலிடம் போய் ஒப்பாரி வைத்திருக்கிறாள். அவர் சாக்குப்பையுடன் வந்து நின்றார். பைக்குள் அசைவு.

"ரெண்டு பண்ணைக் கோழி கொண்டாந்திருக்கனுங்க. வளையத்தக் கழட்டி இதுகளுக்கு மாட்டி உட்டுருங்க. அந்தப் புள்ளைக்கு என்ன அடையாளமுங்க தெரியும்? நீலாவ நான் பண்ணையில பத்தரமா வெச்சுக்கறேன்."

"இது மோசடி, மிஸ்டர் குழந்தைவேல். இந்த வீட்டிலிருந்து பொய்யான ஆவணம் எதுவும் வெளியே போனதில்லை."

"ஏம்மா, அப்ப மாத்தரைய அம்மியில நுணுக்கிப் போட்டுட்டுத் தெனமும் 'இல்ல, இல்ல'ன்னு எழுதனீங்களே, அது என்னவாம்?" என்றாள் பாவாயி. "உங்க மாத்தரைய அதுக்குப் போட்டுட்டு நீங்க கைய ஒடிச்சுக்கிட்டீங்க. எனக்குக் கண்ணு இல்லையா?"

பதினெட்டு ஆண்டுகளில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது இதுதான் முதல் முறை.

குழந்தைவேல் சாக்குப்பையைப் பார்த்துக்கொண்டு, "பூவுக்கு வாங்குனதும் அதுக்குத்தானுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இருவரையும் வெளியே போகச் சொன்னேன். சாக்குக் கோழிகள் போகும்வரை கத்தின.

ஜூலை 11, வெள்ளி

ஷர்மிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். பெங்களூரில் ஒரு மாநாட்டில் என் வீட்டு நீலத்தைப் பற்றிப் படிக்கப்போகிறாளாம். கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது. இது சரியாக அமைந்தால் அவளுக்கு மேற்படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கிடைக்கும். அவள் அப்பாவுக்குத் திருச்செங்கோட்டில் தறி. வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள். சொல்லும்போது சிரித்தாள்.

"தப்பாகிவிட்டால்?" என்றேன்.

"தப்பாகாது மேம். முந்தாநாள் ஏழாம் நம்பர் வீட்டுல ஒரு சின்னப் பையன் சிவப்புக் கோழிக்கு முறுக்கு போட்டுட்டான். அதைக் கண்டுபிடிச்ச உடனே அந்த வீட்டுப் பதிவையே எடுத்துட்டோம். கோழிகளை அவங்களே வெச்சுக்கிட்டாங்க. உங்க வீட்டுல அந்த மாதிரி எதுவும் நடக்காதே."

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

கூட்டின் முன் நாற்காலி போட்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை இந்தக் கோழி போகும். அதன் செல்களுக்குள் என் மாத்திரைதான் இருக்கும். அந்தப் பெண் அதைப் புது வழி என்று பெங்களூரில் நூறு பேர் முன்னிலையில் படிப்பாள். ஒரு நாள் இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார். அப்போது என் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள். அவள் பெயரைத்தான் கேட்பார்கள்.

வாயைத் திறந்தால் என் பெயர் போகும். ராசிபுரத்தில் எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

நீலா கம்பிக்குள்ளிருந்து தலையை நீட்டி என் கட்டுப் போட்ட கையைக் கொத்தினாள். மாவுக்கட்டிலும் கால்சியம் உண்டே.

ஜூலை 12, சனி

செல்வி ஷர்மிதாவுக்கு எழுதிய கடிதத்தின் நகல்:

அன்புள்ள ஷர்மிதா,

என் வீட்டிலிருந்து உங்களுக்கு வந்த படிவங்களில் முட்டையின் எடை, நேரம், ஓட்டின் தன்மை ஆகியவை உண்மை. 'வேறு தீனி: இல்லை' என்பது ஜூன் 19 முதல் நேற்றுவரை இருபத்து மூன்று முறை எழுதப்பட்ட பொய்.

ஜூலை 3 வரை நீல வளையக் கோழிக்கு நாளைக்கு மூன்று கால்சியம் மாத்திரைகள் இடித்துக் கொடுத்தேன். மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்தவை அவை. சிவப்புக்கு அது தேவையே இல்லை என்றாலும் ஒன்று கொடுத்தேன். ஒருத்திக்குக் கொடுத்து மற்றவளைப் பார்க்க வைக்க எனக்குத் தெரியாது. ஆகவே சிவப்பின் பதிவும் கெட்டுவிட்டது. ஜூலை 4 முதல் இரண்டுக்கும் கிளிஞ்சல். அதைக் கொடுத்த திரு. குழந்தைவேலிடம் பூந்தொட்டிக்கு என்று சொன்னேன். அது இருபத்து நான்காவது பொய். அவர் மேல் தவறில்லை. பாவாயி மேலும் இல்லை.

எனவே என் வீட்டுக் கோழி புதிய வழி எதையும் கண்டுபிடிக்கவில்லை. மற்ற வீட்டுக் கோழிகள் காட்டியதே சரி. சத்து இல்லையென்றால் முதலில் ஓடு போகும், பிறகு எலும்பு போகும், கடைசியில் ஆணையே நின்றுவிடும். கட்டுரையிலிருந்து எங்களை எடுத்துவிடுங்கள். நீங்கள் பாதி எழுதிவிட்டீர்கள் என்பது தெரியும். அந்தப் பாதிக்காக வருந்துகிறேன். கோழிக்குக் கொடுத்ததற்காக வருந்தவில்லை. இரண்டையும் கலக்காமல் வாசியுங்கள்.

ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தை நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். அது உங்கள் குற்றமல்ல. கையெழுத்து என்னுடையது, அதை மறுக்க மாட்டேன். கோழிகளை நீங்கள் கேட்டால் கொடுப்பேன். கேட்காமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படி எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். வாசகம் சரியாக அமைந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

இதைக் கொண்டுவருபவர் திரு. குழந்தைவேல். நிறையப் பேசுவார். அவருக்கு வாய்மொழியாக எதுவும் சொல்ல வேண்டாம், வரும் வழியில் மாற்றிவிடுவார். தொலைபேசியிலும் வேண்டாம். திங்கட்கிழமை வண்டி வருமா, வராதா என்பதைத் தயவுசெய்து எழுத்தில் எனக்குத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
கிளாரா சவரிமுத்து